எழுபதுக்கு ஒரு ஓட்டு

திருநெல்வேலி,
சனிக்கிழமை மத்தியானம்

ஏட்டி வாயாடி,

போனில் சொன்னால் அரை மணி நேரத்தில் முடிந்துபோகும், அதனால்தான் பேனாவை எடுத்தேன். எங்க வீட்டுக்காரர் நூலகத்துக்குப் போயிருக்கிறார். அவர் திரும்புவதற்குள் இதை எழுதி, ஒட்டி, தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டாக வேண்டும். ஏன் என்பது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கதைப் புத்தகத்தைப் பின்னாலிருந்து புரட்டும் உன் பழைய புத்தியை இன்று காட்டாதே.

மூத்தாரின் எழுபதாம் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. உன்னை வரவிடாத அந்த முழங்காலைத்தான் திட்டிக்கொண்டே இருந்தேன். சொதி அமிர்தம். இஞ்சித் துவையலுக்கு இரண்டாம் பந்தியிலேயே தட்டுப்பாடு. ஓரகத்தி உடுத்தியிருந்த அரக்குப் பட்டுக்கு காலையில் ஒரு விலை சொன்னாள், மத்தியானம் ஒரு விலை, சாயங்காலம் நாத்தனாரிடம் இன்னொரு விலை. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் உண்மை விலை வரும் என்று எங்க வீட்டுக்காரர் என் காதில் சொன்னார். கணக்கு வாத்தியார் பென்ஷன் வாங்கினாலும் கணக்கு வாத்தியார்தானே.

உனக்குச் சொல்ல வந்தது பட்டு விவகாரம் இல்லை. பாட்டு விவகாரம். சாயங்காலம் பாட்டுக் கச்சேரி வைத்தோம். இரண்டு வாரம் முன்னால் கச்சேரிக்காரர் வந்து கூடத்தில் உட்கார்ந்து, காபியைக் குடித்துவிட்டு நோட்டைத் திறந்தார். “இருபது பாட்டு. அதுக்கு மேல போகாதுங்க. பத்து மணிக்கு மைக்கை நிறுத்தலேன்னா போலீஸ் வந்துரும். லிஸ்டை சீக்கிரம் குடுத்தீங்கன்னா பிள்ளைங்க பிராக்டிஸ் பண்ணிக்கும்.” லிஸ்ட் போவதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் வீடு வீடாக இல்லை. எந்தக் காலத்துப் பாட்டு உசத்தி என்று சொத்து வழக்குப் போல நடந்தது.

முதல் வாய்தா மூத்தாருடையது. விழா நாயகர், இருபதும் அறுபதுகளில் வந்த பாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று நின்றார். அவர் சொன்ன கணக்கைக் கேள். “1961ஐ எடுத்துக்கோ. பாவ மன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும். மூணும் ஒரே வருஷம். மூணுக்கும் பீம்சிங், மூணுக்கும் சிவாஜி, மூணுக்கும் விஸ்வநாதன் ராமமூர்த்தி, மூணுக்கும் கண்ணதாசன். ஒரே வருஷத்துல! உங்க ஆளுகளைப் பத்து வருஷம் எடுத்துக்கிட்டுப் பண்ணச் சொல்லு.” அடுத்த விரலை மடக்கினார். 1964. கர்ணனுக்கு ஷெனாயும் சாரங்கியுமாக வடநாட்டு ராகம். அதே வருஷம் காதலிக்க நேரமில்லை படத்தில் பாங்கோஸும் விசிலுமாக இளவட்டக் கும்மாளம். அதே வருஷம் புதிய பறவையில் சிவாஜி நிம்மதியைத் தேடிப் புலம்ப, பின்னால் ஒரு ஊரையே கூட்டி வைத்த மாதிரி வாத்தியங்கள். “ஒரே ஆளுங்களா இதையெல்லாம் போட்டாங்கன்னு எனக்கு இப்பவும் சந்தேகம்” என்றார்.

இதற்கு நான் எதிர் வாதம் செய்யவில்லை. செய்ய முடியாது. சர்வர் சுந்தரத்தில் ஒரு பாட்டு ஒலிப்பதிவையே படமாகக் காட்டுவார்களே, நினைவிருக்கிறதா? எம்.எஸ்.வி. கையை வீசி நடத்துவார், டி.எம்.எஸ். மைக் முன்னால் நிற்பார். அதை போனில் போட்டுக் காட்டி மூத்தார் சின்னதுகளுக்கு வகுப்பெடுத்தார். அப்போதெல்லாம் பாடுகிறவரும் வாசிக்கிறவர்களும் ஒரே கூரைக்கு அடியில். பாட்டு முடியப்போகிற சமயத்தில் ஒருத்தர் வில் தடுக்கினாலும் அத்தனை பேரும் முதலிலிருந்து. எனக்கென்னவோ அந்தப் பாட்டுகளில் இருக்கிற ஒழுங்குக்குப் பாதிக் காரணம் பயம் என்று தோன்றும். நாலாவது தடவையும் தன்னால் நின்றது என்ற பெயரை எந்த வயலின்காரர் வாங்கிக்கொள்வார்?

1965 வந்ததும் மூத்தாரின் குரல் இறங்கிவிடும். ஆயிரத்தில் ஒருவனோடு இரட்டையர் பிரிந்தார்கள். 1959ல் பாகப்பிரிவினை படத்துக்குப் பாட்டுப் போட்டவர்களே ஆறு வருஷத்தில் பாகம் பிரித்துக்கொண்டார்களே என்று தன் கூடப்பிறந்தவர்கள் பிரிந்த மாதிரி வருத்தப்படுவார். யார் என்ன சொல்லி மூட்டிவிட்டார்கள் என்று அவருக்கு ஏழெட்டுக் கதை தெரியும். ஒன்றுக்கொன்று ஒட்டாது. 1995ல் எங்கிருந்தோ வந்தான் படத்துக்காக மறுபடி சேர்ந்தார்கள். அதை அவர் பார்க்கவே போகவில்லையாம். 2013 ஏப்ரல் 14 பி.பி. ஸ்ரீனிவாஸ், மூன்று நாள் கழித்து ராமமூர்த்தி, அடுத்த மாதம் 25ஆம் தேதி டி.எம்.எஸ். என்று வரிசையாகப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த நாற்பது நாளும் வீட்டில் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை என்று ஓரகத்தி சொன்னாள். “நான் சீக்குல கிடந்தப்போகூட இவ்வளவு வாடலை” என்று சேர்த்துக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் கேட்டேன். “அத்தான், 1964ல வந்த அத்தனை படமும் கர்ணனா? குப்பைப் படமே வரலையா? அதோட பாட்டெல்லாம் எங்க?” மூத்தார் முழித்தார். அதுதானே, வாயாடி! அறுபது வருஷமாக ரேடியோவும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியும் கச்சேரிக்காரர்களும் மாறி மாறிச் சலித்து, கப்பி போக நின்ற அரிசியை ஒரு தட்டில் வைக்கிறோம். இந்த வருஷத்துப் பாட்டை உமியும் கல்லுமாக இன்னொரு தட்டில் கொட்டுகிறோம். பிறகு தராசைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம்.

இரண்டாம் வாய்தா கொழுந்தனுக்கு. கொழுந்தன் எண்பதுகளில் அம்பாசமுத்திரத்தில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தது உனக்குத் தெரியுமே, உன் தங்கச்சி கல்யாண ஆல்பத்துக்கு அங்கேதான் பாட்டு ஏற்றினோம். அவனுக்கு இசை பக்கத்துக்கு முப்பது நிமிஷம். டிடிகே அறுபது ஒன்றைக் கொடுத்து, நோட்டுத் தாளில் பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆறு பாட்டு ஏறியதும் கடைசியில் ஒன்றரை நிமிஷம் டேப் மிஞ்சும். மற்ற கடைக்காரர்கள் அடுத்த பாட்டின் தலையை ஏற்றி அறுத்துவிடுவார்கள், கேட்கிறவனுக்கு உயிர் போகும். இவன் மட்டும் ஏதாவது இளையராஜா படத்துப் பின்னணி இசைத் துண்டை அளந்து வைத்துக் கச்சிதமாக அடைப்பான். அவன் கடைக்குக் கூட்டம் வந்ததே அந்த ஒன்றரை நிமிஷத்துக்குத்தான். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைத்துக்கொண்டே, யார் யாருக்காகப் பாட்டு ஏற்றுகிறார்கள் என்று லிஸ்டைப் பார்த்தே சொல்லிவிடுவான். ஊரில் பாதிக் காதலை அவன் ஜாதகம் பார்த்த மாதிரி கணித்திருக்கிறான். அப்படிப் பாட்டை ஏற்றிக் கொடுப்பது சட்டப்படி குற்றம் என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும், அவனுக்கும் தெரியாது, வந்து பதிந்துபோன ஏட்டையாவுக்கும் தெரியாது.

“பத்துப் பேர் வந்தா ஒன்பது பேர் ராஜாதான் மதினி. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” என்றான். 1985ல் முதல் மரியாதை, சிந்து பைரவி. 1986ல் மௌன ராகம், புன்னகை மன்னன், அதோடு சினிமாவே இல்லாமல் ஹவ் டு நேம் இட். காலையில் உட்கார்ந்து எல்லா வாத்தியத்துக்கும் தன் கையாலேயே ஸ்வரம் எழுதிக் கொடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் பாட்டை முடித்துவிடுகிற மனுஷர். மறுப்பதற்கு என்ன இருக்கிறது? கொழுந்தனிடம் எனக்கு இருக்கிற குறை வேறு. எண்பதுகளில் ஊருக்கு ஒரே கடை. அந்தக் கடையில் சரக்கு எல்லாமே தங்கம், சரி. ஆனால் எதிர்க்கடை என்று ஒன்று பெயருக்குத்தான் இருந்தது. எதிரில் ஆளில்லாத சடுகுடு, எவ்வளவு நன்றாக ஆடினாலும் எனக்கு ஒரு மாற்றுக் குறைச்சல்தான். 1986ல் மெல்லத் திறந்தது கதவு படத்துக்கு எம்.எஸ்.வி.யும் ராஜாவும் சேர்ந்து போட்டார்கள். மெட்டு பெரியவருடையது, அதற்கு நகை பூட்டியது சின்னவர் என்பார்கள். அந்தப் பாட்டுகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷத்தோடு ஒரு துக்கமும் வரும். பெரியவர் இன்னொருத்தர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

மகள் பெங்களூரிலிருந்து வீடியோவில் ஆஜர். தொண்ணூறுகள்தான், பேச்சே இல்லை. 1992 ஆகஸ்ட் 15 ரோஜா வந்தது, “அன்னைக்குத்தாம்மா நமக்கு உண்மையான சுதந்திரம்” என்றாள். அவளுக்கு அப்போது ஐந்து வயசு! டேப்பில் ரோஜா ஓடும்போது சோற்றை வாயில் அதக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், விழுங்கமாட்டாள். மாமியார் அந்த கேசட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தது உனக்கு அப்போதே எழுதியிருந்தேன்.

கொழுந்தனை மடக்க அவள் வைத்திருந்த ஆயுதம் பழைய தேசிய விருதுக் கதை. அந்த வருஷம் ரோஜாவுக்கும் தேவர் மகனுக்கும் ஓட்டு சரிசமமாக வந்து நின்றதாம். தேர்வுக் குழுத் தலைவர் பாலு மகேந்திரா. மூடுபனிக்குப் பிறகு ராஜாவை விட்டு நகராதவர். அவர் தன் ஓட்டைப் புதுப் பையனுக்குப் போட்டார். பிற்பாடு அவரே சொன்னதுதான். “ராஜா ஆளே ரஹ்மானுக்குப் போட்டாச்சு சித்தப்பா, நீங்க என்ன?” என்றாள். கொழுந்தன் எழுந்து மாடிக்குப் போய்விட்டான். ராத்திரி சாப்பிட வரவில்லை. மறுநாள் அவனுக்குப் பிடித்த கூட்டாஞ்சோறு பொங்கித்தான் இறக்கினோம்.

தொண்ணூறுகளில் எனக்கு ஒன்று ஒப்பவில்லை. பாடகர் ராத்திரி ஒரு மணிக்குத் தனியாக வந்து பாடிவிட்டுப் போவார், கூடப் பாடுகிறவள் அடுத்த வாரம் வருவாள், இரண்டு பேரும் கேசட் உறையில்தான் சந்தித்துக்கொள்வார்கள். ஓசை துல்லியம், ஒத்துக்கொள்கிறேன். புல்லாங்குழல்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். ஆனால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒருத்தர் கொஞ்சம் இழுக்க மற்றவர் அதற்குப் பதில் சொல்கிற அந்தச் சங்கதி கொஞ்சம் கொஞ்சமாகப் போனது அங்கேதான். மகளிடம் இதைச் சொன்னதும் “ஸ்வர்ணலதா?” என்றாள் ஒரே வார்த்தையில். நான் வாயை மூடிக்கொண்டேன். 1994 கருத்தம்மாவுக்கு தேசிய விருது வாங்கியவள். ராஜாவுக்கும் பாடினாள், ரஹ்மானுக்கும் பாடினாள், முப்பத்தேழு வயசில் போய்ச் சேர்ந்தாள். அவள் விஷயத்தில் நானும் மகளும் ஒரே கட்சி. லிஸ்டில் முதலில் முடிவான பாட்டு அவளுடையதுதான்.

ஓரகத்தியின் பேரன் 2011ல் வந்த கொலவெறிக்கு ஓட்டுக் கேட்டான், மூத்தார் பார்த்த பார்வையில் வாபஸ் வாங்கிவிட்டான். நா. முத்துக்குமாருக்காவது ஒரு பாட்டு வையுங்கள் என்று கெஞ்சினான். 2016ல் அவர் இறந்த அன்றைக்கு ஏழாம் வகுப்புப் பையன் அழுதுகொண்டே படுத்துக் கிடந்தானாம். அந்த வயசில் ஒரு பாட்டெழுதுகிறவருக்காக அழுத பிள்ளைக்கு ஒன்று என்ன, இரண்டு வைக்கலாம் என்று நான்தான் பரிந்து பேசினேன்.

இனி என் கட்சி. நான் எழுபதுகளுக்கு நின்றேன். கூடத்தில் ஒரே சிரிப்பு. எழுபதுகள் யாருக்கும் வேண்டாத நடுப்பிள்ளை. மூத்ததற்கு எம்.எஸ்.வி. ராமமூர்த்தி, இளையதற்கு ராஜா. நடுவில் இருக்கிறதை யார் கவனிக்கிறார்கள்? மகள் உடனே, “அம்மா, பதினஞ்சு வயசுல கேட்ட பாட்டுதான் எல்லாருக்கும் உசத்தி, அவ்வளவுதான் விஷயம்” என்று ஃபைலை மூடப் பார்த்தாள். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் என் விஷயத்தில் அது பொய். உனக்குத் தெரியும்.

1976 ஜூன், பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம். ஆற்றங்கரைச் சாலை டீக்கடை ரேடியோவில் ஜானகி வார்த்தையே இல்லாமல் ஹம்மிங்கை ஆரம்பித்தாள். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். ஆம்பிளைகள் உட்கார்ந்திருக்கிற கடை முன்னால் நிற்க முடியுமா? குனிந்து என் செருப்பு வாரை நானே பிய்த்தேன். பாட்டு முடிகிறவரை அதைச் சரிசெய்தோம். அப்புறம் பிய்ந்த செருப்போடு வீட்டுக்கு நடந்து போய் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்னக்கிளி நமக்கு அப்படித்தான் வந்தது. மாட்டுச் சாணியும் நெல்லுப்புழுக்கலும் ரேடியோவுக்குள்ளே எப்படிப் போச்சு என்று கேட்டாயே, இன்னும் எனக்கு அதைவிட நல்ல விமர்சனம் கிடைக்கவில்லை.

அன்றைக்கு ஏறிய பைத்தியம். அதற்குப் பிறகு ரேடியோவில் எம்.எஸ்.வி. பெயர் வந்தால் நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கிழவர் பாட்டு, அப்பா பாட்டு. 1978ஐ நினைத்துப்பார். கிழக்கே போகும் ரயில், முள்ளும் மலரும், சிகப்பு ரோஜாக்கள், பிரியா, எல்லாம் அந்த ஒரே வருஷம். வேறு எதற்குக் காது இருந்தது? அப்படியென்றால் என் பதினைந்து வயசில் பாதி எழுபதுகளை நான் கேட்கவே இல்லை.

கேட்டது நாற்பத்தைந்து வயசில். மாமியார் படுக்கையில் விழுந்து, நான் ராத்திரி அவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்த காலம். தூக்கம் வராமல் இருப்பதற்காக எஃப்.எம். வைப்பேன், தலையணைக்கு அடியில் ஒலி குறைவாக. ஒரு ராத்திரி இரண்டு மணி இருக்கும். எஸ்.பி. பாலு பாடுகிறான், கம்பன் பேரைச் சொல்லி எடுப்பு. நிழல் நிஜமாகிறது. தேதி பார்த்தால் அதே 1978! நான் குடத்தோடு வெளியே போன பாட்டு. கவிஞர் கண்ணதாசன் கம்பனையே வம்புக்கு இழுக்கிறார், பாலு சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுகிறான், பின்னால் வாத்தியங்கள் சத்தம் போடாமல் ஒதுங்கி வழிவிடுகின்றன. கேட்டுக்கொண்டே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நாலு நாளாகப் பேசாத மாமியார், “விஸ்வநாதன் பாட்டுதானே? சத்தத்தைக் கூட்டி வைட்டி” என்றார்கள்.

அப்புறம் ஒரு வருஷம், ராத்திரி ராத்திரியாக, நான் தவறவிட்ட பத்து வருஷத்தை மாமியாரோடு சேர்ந்து கேட்டேன். 1972 வெள்ளிவிழாவில் வி. குமார் மெட்டுக்கு எல்.ஆர். ஈஸ்வரி காதோடு ரகசியமாகப் பாடுவாளே, கிளப் டான்ஸுக்கு அலறுகிற ஈஸ்வரிதானா இது என்று இருந்தது. அதே படத்தில் குமார் இசையில் எம்.எஸ்.வி.யே பாடியிருக்கிறார், இன்னொருத்தர் மெட்டுக்கு! 1975 அபூர்வ ராகங்களில் நாலே ஸ்வரமுள்ள ராகத்தை யேசுதாஸ் பாட, அதே படத்துக்கு வாணி ஜெயராம் தேசிய விருது வாங்கினார். 1977 அவர்களில் பொம்மையும் மனுஷனும் சேர்ந்து பாடுகிற பாட்டு. சிரிப்புப் பாட்டு என்று நினைத்துக் கேட்டால் கடைசியில் தொண்டை அடைக்கும். 1979 நினைத்தாலே இனிக்கும், ஐம்பதைத் தாண்டிய மனுஷர் கல்லூரிப் பையன்களைவிட இளசாகப் போட்டிருக்கிறார். ஏன்? எதிரே ராஜா வந்து நின்றதால்தான், இது என் துணிபு. பெரியவர் ஓய்வெடுக்கவில்லை. சின்னவருக்கோ, உள்ளூரக் குருவாக நினைத்த ஆள் எதிரிலே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார். அன்னக்கிளியிலேயே பார், ஜானகியோடு சுசீலாவும் டி.எம்.எஸ்.ஸும் பாடியிருக்கிறார்கள். பழைய குரல்களே கைபிடித்து அழைத்து வந்த புதுப் பிள்ளை. டி.எம்.எஸ்.ஸும் இருந்தார், பாலுவும் வந்துவிட்டான். கவிஞர் இந்தக் கையால் அவருக்கும் அந்தக் கையால் இவருக்கும் எழுதினார். யார் ஜெயிப்பார்கள் என்று அந்தப் பத்து வருஷமும் யாருக்கும் தெரியாது. எந்தக் காலத்தில் இப்படி இருந்தது, சொல்லு.

குறை இல்லையா? இருக்கிறது. டிரம்ஸ் சத்தம் சில பாட்டுகளில் தகர டப்பாதான். இரட்டை அர்த்தப் பாட்டுக்கும் பஞ்சமில்லை.

இப்போதுதான் கணக்கு வாத்தியார் வாயைத் திறந்தார். ஒன்பது நாளில் முதல் தடவை. “பத்தாண்டுன்னா 1971ல தொடங்கி 1980ல முடியும். ஒண்ணுலேர்ந்துதானே எண்ணணும், சைபர்லேர்ந்தா எண்ணுவாங்க?” வாயாடி, எனக்கு லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது! 1980 என் பக்கம் வந்துவிட்டது. வறுமையின் நிறம் சிவப்பு என் கணக்கில். ஜானி, நிழல்கள், நெஞ்சத்தைக் கிள்ளாதே என் கணக்கில். ராஜாவின் நூறாவது படமான மூடுபனியும் என் கணக்கில். கொழுந்தன் “இது கள்ள ஓட்டு” என்று கத்தினான். எண்பதுகளிலிருந்து தலைப்பிள்ளையை உருவிவிட்டேனே, கத்தாமல் என்ன செய்வான். அதோடு 1981 அக்டோபரில் கவிஞர் சிகாகோவில் கண்ணை மூடினார். அவர் முழுசாக இருந்து எழுதிய கடைசிப் பத்தாண்டு என்னுடையது என்று நான் எழுந்து நின்று சொன்னேன். மூத்தார் கைதட்டினார். லிஸ்டில் எனக்கு ஏழு பாட்டு கிடைத்தது.

வீட்டுக்காரர் எனக்காகத்தான் அந்தக் கணக்கைச் சொன்னார் என்று மூன்று நாள் அவருக்கு ஸ்பெஷலாக அதிரசம் சுட்டுப் போட்டேன். முட்டாள் நான்.

கச்சேரி அன்று நடந்ததைக் கேள். ஏழரைக்குத் தொடங்க வேண்டியது. ஆசீர்வாதம் வாங்குகிற வரிசை பந்தி வாசல்வரை நின்றது, போட்டோக்காரன் ஒவ்வொருத்தரையும் இரண்டு தடவை விழுந்து கும்பிடச் சொன்னான். மைக் கைக்கு வந்தபோது ஒன்பது. வயலினுக்குத் தனி ரேட் என்றதால் ஓரகத்தி வேண்டாம் என்றிருந்தாள், புதிய பறவையின் ஊர்ப்பட்ட வாத்தியத்தையும் ஒரு சின்னப் பையன் ஒற்றைக் கீபோர்டில் கட்டி இழுத்தான். பாவம், நன்றாகத்தான் இழுத்தான். மூத்தார் கண்ணை மூடிக்கொண்டார். ரசித்தாரா, பொறுத்துக்கொண்டாரா, தெரியவில்லை. ஸ்வர்ணலதா பாட்டைப் பாடிய பெண் பிள்ளை மாசமாக இருந்தாள். நடுவில் தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்திலேயே பிடித்தாள் பார், நாத்தனார் சபையிலேயே போய் ஐநூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்தாள். நாத்தனார்! ஐநூறு! நம்பு.

மொத்தம் ஒன்பது பாட்டுதான் ஆயிற்று. என் ஏழில் இரண்டு வந்தது. மணி ஒன்பது ஐம்பது. கச்சேரிக்காரர் கடைசியாக ஒரு நேயர் விருப்பம் பாடலாம் என்றார். மூத்தார் வாயைத் திறப்பதற்குள் எங்க வீட்டுக்காரர் எழுந்து நடந்து மேடைப் பக்கம் போய்ச் சீட்டு ஒன்றை நீட்டினார். நாற்பது வருஷத்தில் இந்த மனுஷர் ஒரு பாட்டை வாய்விட்டு முணுமுணுத்து நான் கேட்டதில்லை. எம்.எஸ்.வி.யும் வேண்டாம், ராஜாவும் வேண்டாம். ஒருதலை ராகம்! டி. ராஜேந்தர் மாயவரத்திலிருந்து கிளம்பி வந்து போட்ட முதல் படத்துப் பாட்டு. கல்லூரிப் பையனுக்கு டி.எம்.எஸ். குரல் கொடுத்தாரே, அந்தச் சோகப் பாட்டு. முழுப் பாட்டுக்கும் இவர் மேடையோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அசையவில்லை. சரணம் இரண்டாவது வந்தபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

படம் வந்த வருஷம் 1980. பத்தாண்டு 1980ல் முடியும் என்று அடித்துச் சொன்னது யாருக்காக என்று அப்போது உறைத்தது எனக்கு.

வீட்டுக்கு வந்து கேட்டேன். “நல்ல டியூன்” என்றார். அவ்வளவுதான் பதில். மறுபடி கேட்டதற்கு, “ராத்திரி சொதி கொஞ்சம் கூடிப்போச்சு, செரிக்கலை” என்று படுத்துவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1980ல் இவர் பாளையங்கோட்டையில் டிகிரி கடைசி வருஷம். உன் பெரியண்ணன் அதே வகுப்பு, அதே ஹாஸ்டல். ஒருதலை ராகத்தை இவர்கள் எத்தனை தடவை பார்த்தார்கள், யாரோடு பார்த்தார்கள், அந்தக் காலத்தில் எந்த பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள், எல்லாம் அண்ணனுக்குத் தெரியாமல் இருக்காது. எனக்குச் சண்டை போடுகிற வயசெல்லாம் போயாச்சு. பேர் மட்டும் தெரிந்தால் போதும். இந்த ஊர்க்காரியா, தூத்துக்குடிப் பக்கமா? இப்போது எங்கே இருக்கிறாள்? எழுபதாம் கல்யாணத்துக்கு வந்திருந்தாளா? மூன்றாவது வரிசையில் மயில்கழுத்து நிறத்தில் புடவை கட்டி ஒருத்தி இருந்தாள், யார் வழிச் சொந்தம் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. சொதியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

அண்ணனிடம் நேராகக் கேட்காதே, உஷாராகிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு போட்டு, அந்தப் பாட்டை போனில் ஓடவிட்டு முகத்தைப் பார். பார்த்துவிட்டு உடனே எழுது. போன் பண்ணாதே, எங்க வீட்டில் போனை எடுப்பது இப்போதெல்லாம் அவர்தான்.

கேட் சத்தம் கேட்கிறது. ஒட்டுகிறேன்.

உன்,
ஊமைக்கோட்டான்